பெல் அடிக்காதீங்க, பைலட் தூங்குறார்!

பல்லாவரத்தில் என் அக்கா வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். 'பெல் அடிக்க வேண்டாம். தட்டவும் வேண்டாம். போன் பண்ணவும்.' அக்கா கணவர் சரக்கு விமான பைலட். ராத்திரி பத்து மணிக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புவார். விடிந்த பிறகு வந்து, ஊரே இட்லி சாப்பிடும் நேரத்தில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவர் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது.

எனக்கும் டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட். அதிகாலை மூன்று மணிக்கு எங்கள் குடும்பத்தில் முழித்திருக்கும் ரெண்டே பேர் நானும் மாமாவும்தான். தரையிறங்கியதும் மெசேஜ் போடுவார். "இன்னிக்கு என் பயணிகள் எல்லாம் ஒரு நாள் வயசு" என்று ஒருமுறை வந்தது. கோழிக்குஞ்சுகள்! பெட்டி பெட்டியாக. பொரிந்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு ரெண்டு, மூணு நாள் தாங்குமாம். அதனால் தீனி இல்லாமலே விமானம் ஏற்றலாம். "கேப்டன் பேசுகிறேன்னு மைக்ல சொல்லிப் பார்த்தீங்களா மாமா?" என்று கேட்டேன். "எங்க ஃபிளைட்ல யார்கிட்ட சொல்றது? காபியையே நாங்களேதான் ஊத்திக்கிறோம்" என்றார்.

சில விமானங்களில் சரக்கு ஏற்றும்போது பின்பக்கம் கனத்து, மூக்கு மேலே தூக்கிவிடாமல் இருக்க வாலுக்கு முட்டுக் கொடுப்பார்களாம், மாடு அவிழ்த்த வண்டிக்குக் கொடுப்பதைப் போல. லாக் புக்கில் எழுதும் நேரமோ நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு தாண்டி அவர் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினால், "எனக்கு இன்னும் நேத்துதான்" என்று பதில் வரும்.

போன மாதம் பகல் பதினொரு மணிக்கு கொரியர்காரர் பெல்லை விடாமல் அடித்துவிட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மாமாவே கதவைத் திறந்தார். டெல்லியிலிருந்து அக்கா ஆர்டர் போட்ட செருப்பு. "இதை ராத்திரி நான்தான் தூக்கிட்டு வந்திருப்பேன். அப்பவே என் கையில கொடுத்திருந்தா இப்போ தூங்கியிருப்பேனே!" என்றார். கொரியர்காரர் அசரவில்லை. "ஓடிபி சொல்லுங்க சார்."

அக்கா இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் மீதியைச் சொன்னாள். அதன் பிறகு மாமாவுக்குத் தூக்கமே வரவில்லையாம். சாயங்காலம் டூட்டி ஆபீஸுக்கு போன் பண்ணி, "இன்னிக்கு நான் பறக்கிற நிலைமையில இல்ல" என்று சொல்லிவிட்டார். ராத்திரி ரெண்டிலிருந்து ஆறு மணிவரை உடம்பு தன்னாலேயே தூக்கத்துக்கு இழுக்கும். விமானப் போக்குவரத்து விதிகளிலேயே அந்த நேரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அந்த நேரத்தில்தான் அவர் தரையிறக்க வேண்டியிருக்கும். ஆபீஸில் என்ன நினைப்பார்களோ என்று அக்காவுக்குப் பயம். மாமா ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "கூட இன்னொருத்தனும் உட்கார்ந்திருக்கான்ல?"

அன்று ராத்திரி மூன்று மணிக்கு மெசேஜ் வரவில்லை. வீட்டில்தான் தூங்குகிறார் என்று தெரிந்தும் நாலைந்து முறை போனை எடுத்துப் பார்த்தேன்.

போன வாரம் அதே கொரியர்காரர். இந்த முறை அட்டையை முழுசாகப் படித்துவிட்டு, பெல்லைத் தொடாமல் போன் பண்ணியிருக்கிறார். அக்கா ஆர்டர் போடும் ஆப்பில் இருப்பது மாமாவின் நம்பர்.