ஒன்பதுக்குப் பன்னிரண்டு

“பத்துக்குப் பன்னெண்டு வேணாம் சார். ஒம்பதுக்குப் பன்னெண்டு போடுங்க. மூலைக்கு மூலை பதினஞ்சடி கணக்கா வந்து நிக்கும்” என்றார் கூரை வேய வந்திருந்த பெரியவர். அவர் கையில் அளவு நாடா இல்லை. மூன்றடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்கம் மூன்று முடிச்சு, மறுபக்கம் நான்கு, குறுக்கே ஐந்து. முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டியதும் அறையின் நான்கு மூலைகளும் மாமர நிழலில் செங்கோணமாக விழுந்தன.

மதுரையிலிருந்து அப்பன் திருப்பதி, கள்ளந்திரி தாண்டி, அழகர்மலை முழுசாகக் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது நண்பரின் மாந்தோப்பு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்து படிக்கவும் மத்தியானம் சாயவும் தோப்புக்குள் ஓர் அறை வேண்டும், அதைத் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கட்டட வேலை எதுவும் அவர் அறியாதவர். பெரியவரைக் கூலிக்கு அழைத்தார் என்பதைவிட, வாத்தியாராக வைத்துக்கொண்டார் என்பதே சரி. இந்த வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கு நம்மூர்க் கொத்தனார்கள் எல்லாருக்கும் தெரியும். நூல் பிடித்து மனை வகுப்பது மதுரைக்குப் பழைய பழக்கம். கோல் நட்டு, அதன் நிழலை வைத்துத் திசை பார்த்து, நூல் பிடித்துப் பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்ததை நெடுநல்வாடையில் நக்கீரர் சொல்லியிருக்கிறார். பெரியவருக்கு அந்தப் பாட்டு தெரியாது. ஆனால் அவரும் முளையின் நிழலைப் பார்த்துத்தான் கிழக்கு மேற்கைத் தீர்த்தார்.

திசையில் ஒரு சிக்கல் வந்தது. மலை வடக்கே. நண்பருக்கு மலை தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையோ வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் இறவாணத்தை இறக்கினால் மழை வராது, மலையும் தெரியாது. பெரியவர் கொஞ்ச நேரம் தோப்பைச் சுற்றி வந்துவிட்டு முகட்டை வடக்கு தெற்காகத் திருப்பினார். கூரை சரியும் பக்கங்கள் கிழக்கும் மேற்குமாக அமைந்தன. மேற்குச் சரிவு தாழ்ந்து நிற்பதால் ஆடிக்காற்று அதில் ஏறி வழுக்கிப் போய்விடும். முக்கோணமாக நிற்கும் வடக்கு முகத்துக்கு மூங்கில் தட்டி. வேண்டும்போது கம்பு கொடுத்துத் தூக்கலாம், மழைக்கு இறக்கிவிடலாம். தாளில் கோடு போடாமல் எடுத்த முடிவு இது.

மூலைக்குக் கல்லுக்கால்கள். மேலூர்ப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலிக்கு நடும் கல்லையே வாங்கிப் போட்டார்கள். மரக்காலை மண்ணில் நட்டால் கறையான் விடாது. இடுப்பளவுக்கு மண்சுவர். இந்தச் சுவரில்தான் நண்பர் உண்மையாகத் தொழில் கற்றார்.

தோப்புச் செம்மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் இறங்கியது, அதன்மேல் வண்டல், களி மட்டும் மறுநாள் வரை கலங்கிக் கிடந்து மெல்லப் படிந்தது. களி கூடினால் சுவர் காயும்போது வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். பெரியவருக்குப் பாட்டில் வேண்டியிருக்கவில்லை. ஈரமண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். உருண்டை சிதறவும் இல்லை, அப்பளமாகத் தட்டையாகவும் இல்லை. “போதும், இத மிதிக்கலாம்” என்றார். கள்ளந்திரி வயலிலிருந்து வந்த வைக்கோலை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் மறுபடி மிதித்தார்கள். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய பிறகு நெல்லுக்கும் வைக்கோலுக்கும் குறை வைக்காத பூமி இது.

ஒரு முழ உயரத்துக்கு ஒரு படை. அது காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்தது. புதிதாகக் கட்டுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நண்பருக்கு அன்றைக்கே சுவரை முடித்துவிடும் வேகம். “ஈரத்து மேல ஈரத்த ஏத்துனா வயிறு தள்ளிரும் சார்” என்று பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கிடுகு முடைய ஓர் அக்கா வந்திருந்தார். தென்னை மட்டையை நெடுக்கப் பிளந்து, தொட்டியில் ஊறப்போட்டு எடுத்த ஓலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கீற்றை விட்டு ஒரு கீற்றைத் தூக்கி, இடையில் மூன்றாவதைக் கோத்து இழுப்பார். பேசிக்கொண்டே இருந்தார், விரல் பேச்சுக்காக நிற்கவில்லை. நண்பர் முடைந்த கிடுகில் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பிரித்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்து, “இழுத்து முடைங்கண்ணே, கண்ணு விட்டா ஒழுகும்” என்றார் அக்கா.

கூரையின் வாட்டத்துக்குப் பெரியவர் வைத்திருக்கும் கணக்கு எளிது. அகலத்தில் பாதி எவ்வளவோ, முகடு அவ்வளவு உயரம். ஒன்பதடிக்கு நாலரை அடி. இதைவிடப் படுத்தால் தண்ணீர் ஓடாமல் ஓலைக்குள் தங்கும், ஓலை மட்கும். கைமரத்தின் மேல் சாணுக்கு ஒரு வரிச்சு. இறவாணத்தில் இரட்டைக் கிடுகு வைத்துத் தொடங்கி, மேலே போகப் போக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்டி, முகட்டில் பனையோலையை மடித்துக் கவிழ்த்தார்.

கட்டுவதற்கு நைலான் கயிறு வாங்கி வைத்திருந்தார் நண்பர். பெரியவர் அதைத் தொடவில்லை. பனைமட்டையின் அகணி நாரை நனைத்து வைத்துக் கட்டினார். காயக் காய அது இறுகும். நைலான் வெயிலில் நைந்துபோகும். வைகைக்குத் தெற்கே கீழடி அகழாய்வில் கிடைத்த பழைய கூரை ஓடுகளில், மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்ட இரண்டு துளைகளும், மழைநீர் வழிய விரலால் இழுத்த பள்ளங்களும் இருக்கின்றன. 2023-ல் அங்கே திறந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அந்த ஓடுகளின் முன்னால் சற்று நிற்க வேண்டும். கட்டு தளரக்கூடாது, தண்ணீர் தங்கக்கூடாது என்று பெரியவர் பார்த்துப் பார்த்துச் செய்த அதே இரண்டு காரியத்துக்குத்தான் அந்தத் துளையும் பள்ளமும்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையிறங்கி மதுரைக்கு வரும் வழி நெடுக மண்டகப்படிகள். பெரியவர் இளவயதில் அவற்றுக்குக் கீற்றுப் பந்தல் போட்டுத்தான் கை தேறினாராம். இப்போது பல இடங்களில் தகரமும் துணிப்பந்தலும் வந்துவிட்டன. வீட்டுக்கூரை வேலையும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. “என் வீடு காங்கிரீட்டு தம்பி. பேரப்பிள்ளைக மழையில முழிச்சுக் கெடக்க வேண்டியதில்ல” என்றார். அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. 2004-ல் கும்பகோணம் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டதைப் பார்த்த நாம், ஓலைக்கூரையை ஏழைகள் தலையில் கட்டிவைத்து அழகு பேசக்கூடாது. 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்று அரசு தொடங்கிய கனவு இல்லத் திட்டம் நல்ல காரியம். குடிசை போகட்டும். ஆனால் வாட்டம் பார்க்கும் கண்ணும் கட்டுப் போடும் கையும் வறுமையின் மிச்சங்கள் அல்ல, அவை தொழில். கொத்தனாருக்கும் தச்சருக்கும் உள்ள மரியாதை கூரை வேய்கிறவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவர் போட்டுத்தரும் குடில்களில் உட்கார விடுதிகள் நம்மிடம் காசு வாங்குகின்றன.

தீக்குப் பயந்தே அறைக்குள் அடுப்பில்லை. மின்கம்பியை ஓலையில் படாமல் குழாய்க்குள் விட்டு, கல்லுக்கால் ஓரமாக இறக்கியிருக்கிறார்கள். இங்கே இன்னொரு தொல்லை குரங்கு. மலையடிவாரத்தில் ஓலையை உருவிப் போடுவது அவற்றுக்கு விளையாட்டு. அதற்கும் காற்றுக்குமாகச் சேர்த்துப் பழைய மீன்வலை ஒன்றைக் கூரைமேல் போர்த்தி, நாலு பக்கமும் கல் கட்டித் தொங்கவிட்டார் பெரியவர். தரையில் புற்றுமண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துச் சாணம் மெழுகினார்கள். சித்திரை வெயிலில், பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிற்க முடியாத மத்தியானத்தில், இந்த அறைக்குள் உட்கார்ந்து பேச முடிந்தது.

தென்னங்கிடுகு இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். பனையோலை இன்னும் கூடுதலாக உழைக்கும். அடுத்த முறை முழுக்கப் பனையோலைதான் என்று இப்போதே பேசி முடித்துவிட்டார்கள். அதற்குக் கூடமாட நிற்க ஊர்ப் பையன்கள் இரண்டு பேரை நண்பர் கேட்டு வைத்திருக்கிறார். வேலை பழகுகிற நாளுக்கும் அவர்களுக்குக் கூலி உண்டு. பெரியவருக்குக் கொத்தனார் வாங்கும் அதே கூலி.