விளையாட்டுத் துவக்கும் வினைத் துவக்கும்

துவக்கு என்னும் சொல் எல்லா ஊர்களிலும் ஒரே பொருளைத் தருவதன்று. நகரத்துச் சிறுவனுக்கு அது விழாக்காலத்து விளையாட்டுப் பொருள். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள வில்கமுவக் கமக்காரனுக்கோ அது பயிர்க்காவலோடும் உயிர்ச்சேதத்தோடும் பிணைந்த சொல். இன்று உலகெங்கும் இளைஞரைக் கவர்ந்துவரும் எயார்சொஃப்ட் என்னும் துவக்கு விளையாட்டை உரைத்துப் பார்ப்பதற்கு அத்தகைய ஊரே தக்க உரைகல்லாகும்.

இவ்விளையாட்டு யப்பானில் பிறந்தது. பொதுமக்கள் துவக்கு வைத்திருப்பதைச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் அந்நாட்டிலே, அதன் உருவை மட்டும் விரும்பியோருக்காக 1970களில் இது உருவாயிற்று. அமுக்கப்பட்ட காற்றோ வாயுவோ 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் மணியொன்றை உந்தித் தள்ளும். குழலின் தொடக்கத்திலுள்ள சிறு இறப்பர் முனை மணியைப் பின்னோக்கிச் சுழலச் செய்வதால், அது விரைவில் தாழ்ந்து விழாது நேர்போக்கில் நெடுந்தூரம் செல்லும். 2006இல் திருத்தப்பட்ட யப்பானியச் சட்டம் இம்மணியின் சக்தியை ஒரு யூலுக்குச் சற்றுக் குறைவான எல்லைக்குள் அடக்கியது. அவ்வெல்லையில் 0.2 கிராம் எடையுள்ள மணி செக்கனுக்கு ஏறத்தாழ 99 மீற்றர் வேகத்திற் பாயும். வேட்டைத் துவக்கின் ஒரு வெடியோ ஈராயிரம் யூலுக்கும் மேற்பட்ட சக்தியைச் சுமந்து செல்வது. இரண்டுக்கும் உருவம் ஒன்று. வலிமையில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு.

ஆயினும் அந்த ஒரு யூல் ஒரு கண்ணின் ஒளியைப் பறிக்கப் போதுமானது. ஆகவே இதனைத் தொடங்கும் இளைஞன் முதலில் வாங்கவேண்டியது துவக்கன்று. கண்ணை முழுமையாக மூடும் தரமான காப்புக் கண்ணாடியே. களத்துக்கு வெளியே மணிப்பெட்டியைக் கழற்றிவிடுதல், குழலை நிலம் நோக்கித் தாழ்த்தல், விசையின்மேல் விரலை வையாதிருத்தல் என்பன அடுத்த பாடங்கள். உண்மைத் துவக்கை ஒத்த பொருளைத் தெருவிலே ஏந்திச் செல்வோன் தன்னுயிரையே பணயம் வைக்கிறான். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் உண்டு. விளையாட்டுப் பொருள்தானே எனத் தானாகவே தீர்மானித்துக்கொள்ளாது, உரிய அதிகாரிகளிடம் முன்னரே விசாரித்தறிவது அறிவுடைமை.

இவ்விளையாட்டின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. மணி பட்டதை நடுவர் காண்பது அரிது; அது அடையாளமும் வைப்பதில்லை. பட்டவன் தானே கையுயர்த்திப் ‘பட்டேன்’ எனக் கூறிக் களம் நீங்கவேண்டும். அந்த வாய்மை இல்லையேல் ஆட்டமே இல்லை. எய்தவன் ஒருபுறம், ஏற்றுக்கொள்பவன் மறுபுறம் என இருவரும் ஒருவரையொருவர் அறிந்து நிற்பதே இதன் அறம்.

வில்கமுவவுக்கு அண்மையில் மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் இடையே வஸ்கமுவக் காடு பரந்துள்ளது. மகாவலித் திட்டத்தால் வாழிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. காட்டுக்கு எல்லை வகுத்தல் எளிது. யானைக்கு அதனை உணர்த்துதல் எளிதன்று. விளைந்த வயலைக் காக்கப் பரணேறி இரவெல்லாம் விழித்திருப்பவனின் துயரிலே பிறந்தவைதாம் ‘பெல் கவி’ என்னும் சிங்களக் கிராமியப் பாடல்கள். அந்த விழிப்பின் களைப்பிலேதான் கட்டுத்துவக்கு என்னும் கொடுமையும் இலங்கைக் கிராமங்களிற் பிறந்தது. விலங்கு நடக்கும் தடத்திலே கம்பி குறுக்கே கட்டப்படும். கால் இடறியதும் துவக்கு வெடிக்கும். பன்றிக்கு வைத்தது யானையின் காலைச் சிதைக்கும். விறகு தேடச் சென்றவனையும் வீழ்த்தும். சட்டம் இதனைக் குற்றமாகவே கொள்கிறது.

தமிழிலக்கியம் இவ்வவலத்தை அறியாததன்று. குறிஞ்சிப் பெண்கள் தட்டையும் குளிரும் தழலும் கொண்டு ஒலியெழுப்பித் தினைப்புனம் காத்தனர். அதே குறிஞ்சியில் அடார் என்னும் கற்பொறியும் இருந்தது. தினை தின்னும் பன்றிக்கெனப் புனவன் வைத்த பொறியிற் புலி சிக்குவதை நற்றிணையின் 119ஆம் பாடல் காட்டுகிறது. பொறிக்குக் கண் இல்லை. வைத்தவன் அங்கில்லாதபோது யாருக்காக அது வைக்கப்பட்டது என்பதற்கும் பொருளில்லை.

விளையாட்டுத் துவக்கும் கட்டுத்துவக்கும் வேறுபடுவது சக்தியின் அளவினால் மட்டுமன்று. ஒன்றிலே எய்தவன் முன்னிற்கிறான், மற்றதிலே ஒளிந்துகொள்கிறான். எனினும் பசித்த வயிற்றோடு பரணில் விழித்திருக்கும் ஏழையிடம் அறம் மட்டும் பேசுவது எளிய காரியம். அவனுடைய இழப்புக்கு மாற்று வேண்டும். யானை எலுமிச்சை இனத்து மரங்களை விரும்பாமையை உணர்ந்து, வஸ்கமுவச் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலே தோடை மரங்களை அரணாக நடும் முயற்சியொன்றை இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் மேற்கொண்டது. அம்மரம் காவலாகவும் நிற்கும். கனி விற்று வருவாயும் தரும்.

அவ்வூர் இளைஞன் ஒருவன் பிளாஸ்ரிக் மணித் துவக்கொன்றை விரும்பக்கூடும், அவ்விருப்பம் பழியன்று. ஆனால் தென்னையிலேறும் குரங்கின்மேல் அதனைத் திருப்பும் கணத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. அந்த மணி பயிரைக் காக்கமாட்டாது. வாய்பேசா உயிரொன்றை வருத்தமட்டுமே வல்லது. ‘பட்டேன்’ என்று கூற இயலாத உயிரின்மேல் எய்வது எந்த ஆட்டத்திலும் ஆட்டமாகாது.