காருக்கு என்ன மோட்டர் போடலாம் என்று கேட்பவர்களுக்கு



எங்கள் றிமோட் காரின் படம் ஒன்றைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான்: "சேர், என்ன மோட்டர் போட்டிருக்கீங்க?" டயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

'எங்கள்' என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கலாசாலை விடுதியில் ஒரே அறையில் இருந்த நாலு ஆசிரியர்கள், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கார். மாதம் ஆளுக்கு 2,500 ரூபா சீட்டு மாதிரி ஒதுக்குகிறோம். எங்களில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்த மாதம் அவருடைய பங்கு வரவில்லை. மற்ற மூவரும் கேட்கவுமில்லை. இப்படிச் சேரும் காசு இது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிப் போன பிறகு, ஜப்பான் சாமான் ஒன்றை வாங்குவதென்றால் நாலு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறோம். நாலு பேரும் சம்மதிக்காத பாகம் காரில் ஏறாது.

கார் டமியா டீடீ-02. பத்தில் ஒரு பங்கு அளவு. நடுவில் ஒரு ஷாஃப்ட் ஓடி நாலு சக்கரத்தையும் சுழற்றும். 2013இல் வந்த மொடல். டூரிங் கார் பழகுபவர்களுக்கு இதைவிட மலிவாகவும் உறுதியாகவும் கிடைப்பது குறைவு. மலிவு என்பதால் பெட்டிக்குள் சில விடயங்களில் கை இறுக்கியிருப்பார்கள். அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் காசை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலாவது பெயாரிங். பெட்டியோடு வருபவை வெறும் புஷ்கள். தூசு ஏறினால் அவை தேயும். தேய்ந்தால் சக்கரம் ஆடும், மோட்டரின் பலத்தில் ஒரு பகுதி உராய்விலேயே போய்விடும். எங்கள் ஊர்க் கடற்கரைக் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து வருவதால் இது இன்னும் கெதியாக நடக்கும். ஆகவே முதல் சீட்டுக்காசு முழு பெயாரிங் செட்டுக்குத்தான் போனது. போட்ட பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், வித்தியாசத்தை விரலே சொல்லும். மோட்டரின் சூடும் குறையும்.

இரண்டாவது டயர். கார் நிலத்தைத் தொடுவது அந்த நாலு சின்ன இடங்களில் மட்டும்தான். மற்ற எல்லாப் பாகமும் அந்த நாலு இடத்துக்கு வேலை செய்பவை. உள்ளே ஸ்பொஞ்ச் உள்ள நல்ல றப்பர் டயர் வாங்கி, சுப்பர் குளூவால் ரிம்மோடு சுற்றிவர ஒட்டுங்கள். ஒட்டாத டயர் வளைவில் ரிம்மை விட்டு நழுவும். பிறகு நீங்கள் செட்டிங்கைக் குறை சொல்வீர்கள். ஓடுவதற்கு முன் தளத்தைக் கூட்டுங்கள். விளக்குமாறுதான் எங்களிடம் உள்ள ஆகவும் மலிவான அப்கிரேட்.

மூன்றாவது ஒயில் ஷொக். சாதாரணக் கிட்டில் வருவது ஒயில் இல்லாத, உராய்வால் மட்டும் தடுக்கும் ஷொக். சின்னக் குழியில் விழுந்தாலும் கார் பந்து மாதிரித் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் நிலத்தில் இல்லை. நிலத்தில் இல்லாத டயருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஒயில் ஷொக் போட்ட அன்றுதான் எங்கள் கார் முதன்முதலாகச் சொன்ன பக்கம் திரும்பியது. ஒரு விடயம் கவனியுங்கள்: வெயிலில் சிலிக்கன் ஒயில் இளகும். குளிர் நாட்டுக்காரர் சொல்லும் இலக்கத்தை அப்படியே எடுக்காமல் ஒரு படி தடித்த ஒயிலில் தொடங்குவது எங்கள் வழக்கம்.

நாலாவது ஸ்டியரிங்கில் உள்ள ஆட்டம். முன் சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சேர்வோ அசையாமலே சக்கரம் அசையும். கிட்டோடு வரும் சேர்வோ சேவர் மிகவும் மென்மை. அதை இறுக்கமான ஒன்றாக மாற்றினாலே நேரே ஓடும்போது அலைவது பாதிக்கு மேல் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மோட்டர். ஒரு பொடியன், ஓ லெவல் எழுதப்போகிறவன், பெருநாள் காசு முழுவதையும் 13.5 பிரஷ்லெஸ் மோட்டருக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தான். தம்பி, அந்த இலக்கம் சுற்றுகளின் எண்ணிக்கை. சுற்று குறையக் குறைய வேகம் கூடும். 17.5ஐ விட 13.5 வேகமானது, உண்மைதான். ஆனால் புஷ்ஷிலும் துள்ளும் ஷொக்கிலும் ஓடும் காருக்கு அந்த வேகம் மதிலைத் தேடிப் போவதற்கு மட்டுமே உதவும். மோட்டரோடு செலவு முடிவதுமில்லை. அதற்கு வேறு ஸ்பீட் கொன்ட்ரோலர் தேவைப்படலாம், பிறகு உடைந்த கைகளுக்குக் காசு வேண்டும். கிட்டோடு வந்த சாதாரண 540 மோட்டரில்தான் நாங்கள் ஒரு வருடத்துக்கு மேலாக ஓடுகிறோம்.

கூடுதல் வேகம் வேண்டுமென்றால் முதலில் பினியனைப் பாருங்கள். கணக்கு லேசு. பெரிய கியரில் 70 பல், பினியனில் 22 பல், உள்ளே உள்ள விகிதம் 2.6. எழுபதை இருபத்திரண்டால் பிரித்து 2.6ஆல் பெருக்கினால் 8.27 வரும். பினியனை 23 ஆக்கினால் 7.91. இலக்கம் இறங்கினால் உச்ச வேகம் கூடும், இழுவை குறையும், மோட்டர் சூடாகும். ஓடி முடித்ததும் மோட்டரில் விரலை வையுங்கள். மூன்று செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால் ஒரு பல் குறையுங்கள். இந்தக் காருக்கு 0.6 மொடியூல் பினியன்தான் சரி. வேறு அளவு பல் போட்டால் பெரிய கியரை அரைத்துவிடும்.

இனி செட்டிங். இதற்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. வகுப்பில் விஞ்ஞானப் பரிசோதனைக்கு என்ன சொல்கிறோம்? ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை. இங்கும் அதுதான். ஒரு மாற்றம், பத்துச் சுற்று, கொப்பியில் நேரம். ஆகவும் வேகமான சுற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம், பத்தின் சராசரியைப் பாருங்கள்.

வளைவில் கார் திரும்ப மறுத்து வெளியே போகிறதா? முன்னுக்கு மென்மையான ஸ்பிரிங் போடுங்கள், அல்லது பின்னுக்குக் கொஞ்சம் கடினமானது. பின்பக்கம் வழுக்கிச் சுழல்கிறதா? அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். டமியா ஸ்பிரிங்கில் சிவப்பு மென்மை, மஞ்சள் நடுத்தரம், நீலம் கடினம். கரடான தாரில் அடித்தட்டு நிலத்தில் உரசாத அளவுக்குக் காரை உயர்த்துங்கள், நாங்கள் 7 மில்லிமீற்றர் விடுகிறோம். சக்கரத்தின் மேற்பக்கம் ஒன்று அல்லது இரண்டு பாகை உள்ளே சாய்ந்திருக்கட்டும். சரியா என்று டயரின் தேய்மானம் காட்டும். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சாய்வு கூடிவிட்டது. முன் டிஃபரென்ஷியலுக்குத் தடித்த கிரீஸ் போட்டால் வளைவை விட்டு வெளியேறும்போது முன்பக்கம் நன்றாக இழுக்கும். கிட்டில் உள்ளது ஒயிலைத் தாங்கும் சீல் உள்ளதல்ல, ஆகவே ஒயில் ஊற்றாதீர்கள், ஒழுகும்.

நீலநிற அலுமினியப் பாகங்கள் பற்றி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இடிபட்டால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், அலுமினியம் வளையாமல் அந்த அடியை அடுத்த பாகத்துக்கு அனுப்பும். காருக்குப் பயன் இல்லாமல் பார்வைக்கு மட்டும் வாங்குவதை எங்கள் நால்வரில் ஒருவர் நேரடியாகவே 'இஸ்றாப்' என்பார். அவர் மௌலவி இல்லை, கணித ஆசிரியர். அவருடைய அந்த ஒரு சொல்லால் எங்கள் சீட்டுக்காசு எத்தனையோ தடவை தப்பியிருக்கிறது.

கடைசியாக, விளையாட்டில்லாத விடயம். லிப்போ பெட்டரி வைத்திருப்பவர்கள் ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவும் வேண்டாம், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் வேண்டாம். பல நாள் ஓடாமல் வைப்பதென்றால் 3.8 அளவில் வையுங்கள். கிட்டோடு வரும் எல்லா ஸ்பீட் கொன்ட்ரோலரும் லிப்போவைக் காப்பாற்றாது, மனுவலைப் பாருங்கள். ஊதிய பெட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். சார்ஜில் போட்டுவிட்டுத் தொழப் போகாதீர்கள், தூங்கவும் போகாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் பாங்கு வரை நாங்கள் மைதானத்தில்தான் இருப்போம், இன்ஷா அல்லாஹ். பெட்டியோடு வந்த கார் என்று வெட்கப்படாமல் கொண்டு வாருங்கள். புதிய பாகம் எதுவும் வாங்காமல் வாருங்கள். முதலில் பத்துச் சுற்று ஓடி நேரத்தைக் கொப்பியில் எழுதுவோம். எதை வாங்குவது என்று பிறகு சேர்ந்து பேசலாம்.