நாலு மணிக்கு ஆன்லைனில் இருந்த மகள்

ஸ்கூடாயில் எங்கள் தாமானில் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிள் சத்தம் தொடங்கிவிடும். எல்லாரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கொஞ்சம் தாமதித்தாலும் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பல ஆண்டுகளாக அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். புறப்படும் முன் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பார். வெளிமாநிலத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான் அந்நேரத்தில் ஆன்லைனில் இருப்பேன்.

"அதுக்குள்ள எழுந்திட்டியாம்மா?" என்று குரல் பதிவு வரும். இன்னும் படுக்கவே இல்லை என்று சொல்ல மனம் வராது. "ஆமாப்பா" என்று அனுப்பிவிடுவேன்.

எங்கள் வகுப்பில் தூங்காமல் இருப்பது ஒரு பெருமை. "ரெண்டு நாளா கண்ணை மூடல" என்று பதக்கம் வாங்கியவர்கள் போலச் சொல்லிக்கொள்வோம். வேலை அதிகம் என்பது உண்மைதான். வரைபடம் வரைய வேண்டும், அட்டை வெட்டி மாடல் செய்ய வேண்டும், அதோடு கட்டுமானம், வரலாறு என்று மற்றப் பாடங்களும் உண்டு. ஆனால் பெரிய சிக்கல் வேறு. கணக்குக்கு விடை வந்துவிட்டால் பேனாவை வைத்துவிடலாம். ஒரு கட்டடத்தின் வடிவம் 'முடிந்துவிட்டது' என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் மாற்றலாமே என்று கடைசி இரவு வரை மனம் அரிக்கும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு சமூக நூலகம் வடிவமைத்தோம். விளக்கம் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின இரவு கூரையை மாற்றினேன். படம் அழகாகத்தான் இருந்தது. விரிவுரையாளர் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்தக் கூரையில விழுற மழைத்தண்ணி எங்கே போகும்?" ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் நான் நீர்த்தாரையை மறந்திருந்தேன். ஐந்தாம் வாரத்திலேயே அதற்கு வழி கண்டு நோட்டில் வரைந்தும் வைத்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் அது நினைவுக்கே வரவில்லை. வாய் திறக்காமல் நின்றேன்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்து அழுதேன். "ரெண்டு ராத்திரி தூங்காம செஞ்சேம்பா" என்றேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ரெண்டு ராத்திரி தூங்காம பாலத்துல மோட்டார் ஓட்டினா, அதை நாலு பேர்கிட்ட பெருமையா சொல்வியா?" என்று கேட்டார். அடுத்து, ஓவர்டைம் எழுதிப் பழகிய மனிதராக, "சரி, இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுத்திருக்காங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். நம் நாட்டு உயர்கல்வி முறையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டும். எங்கள் ஸ்டூடியோ பாடம் 6 கிரெடிட், ஆக 240 மணி நேரம். 14 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்குச் சுமார் 17 மணி. நானோ முதல் பத்து வாரம் 'யோசித்துவிட்டு' மிச்சத்தைக் கடைசி நாட்களில் அடைத்துக்கொண்டிருந்தேன். 17 மணி எப்போதும் போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்கே இல்லாமல் இருந்தது என் தவறு.

அமெரிக்காவில் கட்டடக்கலை மாணவர் ஒருவர் தொடர்ந்து கண்விழித்து வேலை செய்துவிட்டுக் கார் ஓட்டிப் போனபோது விபத்தில் இறந்தார். அதன்பின் அங்குள்ள மாணவர் சங்கம் குழு அமைத்து, 2002-இல் ஸ்டூடியோ பழக்கவழக்கங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதைப் படித்தபோது அப்பாவின் கேள்விதான் காதில் ஒலித்தது.

அடுத்த பருவத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது வடிவத்தை மாற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு வரைவதும் மாடல் செய்வதும் மட்டுமே. 'ஏ' கிடைக்கவில்லை, 'பி பிளஸ்'தான். ஆனால் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன்.

பிள்ளை இந்தப் படிப்புக்குப் போக ஆசைப்பட்டால், பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இளங்கலை முதல் கட்டம், முதுகலை இரண்டாம் கட்டம். அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தோடு மூன்றாம் கட்டத் தேர்வு. அதில் தேறிப் பதிவு பெற்றால்தான் சட்டப்படி 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ள முடியும். எஸ்.பி.எம். முடித்ததிலிருந்து எண்ணினால் ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகிவிடும். இவ்வளவு நீண்ட ஓட்டத்தைத் தூங்காமல் ஓட முடியாது. "படம் வரையறதுதானே" என்று சொல்லாதீர்கள். "பசியாறிட்டியா?" என்று கேட்கும்போதே "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" என்றும் கேளுங்கள்.

இப்போது ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே மூன்றாம் கட்டத்துக்குத் தயாராகிறேன். அப்பா இன்னும் நாலு மணிக்குத்தான் கிளம்புகிறார். மோட்டார் சத்தத்தில் சில நாள் விழிப்பு வரும். "பத்திரமா போங்கப்பா" என்று படுத்தபடியே குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் தூங்கிவிடுவேன்.