மூர் மார்க்கெட்டிலிருந்து புறப்படும் ரயில்

மழைக்காலம் வந்துவிட்டால் சென்னைக்காரர்கள் நாளிதழில் சோழவரம் என்ற பெயரைத் தேடுவார்கள். 1,081 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரியில் இன்றைக்கு எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால்தான் கோடையை நினைக்கத் தைரியம் வரும். சோழவரத்துக்காரர்கள் பட்டணம் போவதோ ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, தீபாவளித் துணிக்கு. புத்தகத்துக்காகவே செங்குன்றம் வழி பஸ் பிடிப்பவர்களும் உண்டு. இது அவர்களுடைய பட்டணத்தைப் பற்றியது.

அந்தப் பட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகவும் போகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்காகப் பல ஆண்டுகள் விடாமல் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். சட்டம் வருவதற்கு முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். வண்டி வரும் நாளுக்காக ஓர் ஊர் காத்திருப்பதை நினைத்துப் பார்த்தால், எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தின் படியேறும்போது கால் தானாக மெதுவாகும்.

கன்னிமாரா 1896 டிசம்பர் 5-ஆம் தேதி திறக்கப்பட்டது. மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வினின் கைவண்ணம் இது. இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுந்துபோய்க் கப்பலேறி வந்த புத்தகங்கள்தான் இதற்கு விதை. பழைய மண்டபத்தின் உயர்ந்த கூரையையும் வண்ணக் கண்ணாடியையும் தேக்கு அலமாரிகளையும் பார்ப்பதற்கென்றே ஒருமுறை போகலாம். ஆனால் கட்டடத்தைவிடப் பெரிய விஷயம் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவில் எந்தப் பதிப்பகம் புத்தகம் போட்டாலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும். பொன்னேரியில் ஒருவர் கைக்காசு போட்டுப் பதிப்பிக்கும் கவிதைத் தொகுப்புக்கும் இங்கே இடம் உண்டு. இந்த உரிமை நாட்டில் நான்கு நூலகங்களுக்கே உண்டு. அதில் ஒன்று சோழவரத்திலிருந்து பஸ் தூரத்தில் இருக்கிறது.

இங்கே பழைய தமிழ் இதழ்களின் கட்டு ஒன்றை மேசையில் விரித்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தாளின் ஓரம் டீ நிறத்துக்கு வந்திருக்கும். பக்கத்தை அவசரமாகப் புரட்டினால் ஓரம் அப்பளம்போல் நொறுங்கி, சட்டைக் கையில் பொடி ஒட்டும். மேல் மூலையை இரண்டு விரலால் பிடித்து, அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். அப்படிப் பத்துப் பக்கம் புரட்டியவர் பிறகு எந்தப் புத்தகத்தையும் மடக்கிப் பிடிக்க மாட்டார்.

பழைய புத்தகம் தேடிப் போக ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது; இப்போது இல்லை. 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் கிராமபோன் தட்டும் வளர்ப்புப் பறவையும் பழைய புத்தகமும் அடுத்தடுத்து விற்றன. பாடப்புத்தகம் வாங்க வழியில்லாத எத்தனையோ பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அங்கிருந்த பழைய புத்தகக்காரர்கள். 1985 மே 30-ஆம் தேதி நெருப்பு எல்லாவற்றையும் கொண்டுபோனது. வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் எழுந்த ரயில்வே கட்டடத்தின் முன்னால் மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்று நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு நிமிஷமாவது நிற்கத்தான் வேண்டும். நாற்பது ஆண்டு ஆகியும் இந்த இழப்பு ஆறவில்லை.

வயிற்றுக்குப் பாரிமுனைப் பக்கம் போகலாம். அறுபதுகளில் பர்மாவில் கடைகண்ணிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, கையில் கிடைத்ததோடு கப்பலேறிய தமிழர்களுக்காக 1969-இல் பர்மா பஜார் அமைந்தது. அவர்கள் கூடவே கொண்டுவந்த சரக்கு அத்தோ. அவித்த நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப். நகரத்தின் ஒரு வரலாற்றை இப்படித் தட்டில் வாங்கித் தின்ன முடிகிற இடங்கள் அதிகமில்லை.

பொழுது சாய்ந்தால் ஊர் திரும்ப பஸ் இருக்கிறது. ஆனால் கையில் புத்தகம் இருந்தால் மீஞ்சூர் வரை ரயிலில் போவதே மேல். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் புறப்படும் நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். பழைய புத்தகக் கடைகள் இருந்த மண்ணிலிருந்து, சிப்காட் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களோடு வண்டி கிளம்புகிறது. பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் கூட்டத்தில் யாரோ ஒருவர் பையிலிருந்து புத்தகத்தை எடுக்கிறார். கொருக்குப்பேட்டை வருவதற்குள் முதல் பக்கம் முடிந்துவிடுகிறது. மீஞ்சூர் வர இன்னும் நேரம் இருக்கிறது.