பேசாத பெட்டி

வானகரத்தில் வீடு கட்டிக்கொண்டவனுக்கு மௌனம் என்றால் என்னவென்று யாராவது எழுதிக் காட்டினால்தான் உண்டு. ஒரு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் அதைக் குறுக்கே தாண்டிப் போகிற புறவழிச் சாலை. விடியுமுன்பே மீன் மார்க்கெட்டுக்கு வண்டிகள் வந்துவிடும். லாரிகளுக்கோ ராத்திரி பகல் என்ற வித்தியாசமே கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, என் காரிலுள்ள பாட்டுப் பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லையே என்று நான் இரண்டு மாதம் கவலைப்பட்டேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். முதல் நாள் நானும் சிரிக்கத்தான் செய்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தோறும் அப்பாவை ஆவடியிலிருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அயனம்பாக்கம், அத்திப்பட்டு வழியாக அம்பத்தூர் போய், அங்கிருந்து திருமுல்லைவாயில் தாண்டிப் போக வேண்டும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. முன் ஸீட்டில் எனக்கு இடது பக்கம் உட்காருவார். ஏறியதும் கதவை அறைந்து சாத்துவார். "மெதுவாப்பா, மெதுவா" என்று நானும் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் சாவியைத் திருப்புவேன். பெட்டியில் வெளிச்சம் வரும். பாட்டின் பெயர் எழுத்தெழுத்தாக ஓடும். பழைய பாட்டுக்களாக ஒரு நூறு, அப்பாவுக்காகவே சேகரித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு வெளிச்சம் வந்தது, பெயரும் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. அயனம்பாக்கம் வரை நான் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனசு வேறெங்கோ இருந்தது. கவனித்து, பெட்டியின் பக்கம் கையை நீட்டப் போனவன், அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் வலது கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத்தான் காது போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். எதிரே வந்த வண்டியின் ஹாரன் கணீரென்று கேட்டது. ஆகவே என் காதில் கோளாறு இல்லை. பெட்டி ஊமையாகத்தான் இருந்தது. அப்பா ஓடுகிற பெயரைப் படிக்கிறார், மனப்பாடமான பாட்டு, உள்ளே பாடிக்கொண்டு விரலால் தாளம் போடுகிறார். பாட்டு மாறியது. அவர் கண் மெல்லப் பெட்டியின் பக்கம் போய்ப் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிற்று. தாளமும் மாறிற்று.

நான் கையை இழுத்துக்கொண்டேன். ஆவடி போய்ச் சேரும் வரையில் இருவரும் கச்சேரி கேட்டோம்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். 1964-ல் அந்தப் பேட்டை ஏற்பட்ட பிறகு, சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் அடுப்பெரித்தது. தகட்டை வைத்து அச்சு இறங்குகிற சத்தத்தில் எட்டு மணி நேரம். தொழிற்சாலைச் சட்டத்தின் கணக்கில் எட்டு மணி நேரத்துக்குத் தொண்ணூறு டெஸிபல் என்று ஒரு வரம்பு இருந்தது. பிரஸ்ஸுக்கு அந்தச் சட்டம் தெரியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டவனைக் கூட இருப்பவர்கள் கேலி செய்வார்களாம். இந்த விதமான செவிட்டுத்தனத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. முதலில் போவது பேச்சின் பருமன் அல்ல, அதன் கூர்மைதான். நாலாயிரம் அதிர்வெண்ணை ஒட்டிய மேல் ஸ்தாயி முதலில் தேயும். அகர இகரங்கள் கேட்கும், மெய்யெழுத்துக்கள் கரைந்துவிடும். சட்டி, பட்டி, தட்டி மூன்றும் ஒன்றாகிவிடும். ஆள் எதிரே இருந்தால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டே ஒருவன் பேசினால் எப்படிச் சமாளிப்பது? "சரி, சரி" என்று தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

அம்பத்தூரில் எங்கள் பழைய வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா இறந்தது அந்த வீட்டில். அதை விற்றுவிடலாம் என்று எனக்கு வெகு நாளாக அபிப்பிராயம். ஒரு நல்ல கிராக்கி வந்தது. நேரே சொல்லத் தைரியமில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போகும்போது, சாலையைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். விலை சொன்னேன், காரணங்களை எல்லாம் அடுக்கினேன். அப்பா ஒன்றும் மறுக்கவில்லை. "சரி, சரி" என்றார். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷப்பட்டு, மறுநாளே முன்பணம் வாங்கிவிட்டேன். பத்திரம் அவர் பெயரில். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அதற்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

அவர் "சரி" என்றது வீட்டுக்கா, பாட்டுக்கா?

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கலாம். "அப்பா, உங்களுக்குக் காது கேட்கிறதா?" என்று ஆரம்பிக்க வேண்டுமே! தாளம் போட்ட அந்த விரல்களைப் பார்த்தவனுக்கு அது அவ்வளவு லேசான காரியம் அல்ல. அதனால் மனுஷர்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். அப்பாவை விட்டுவிட்டுப் பெட்டியை ரிப்பேர் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் நானே பார்த்தேன். சத்தக் குமிழ் இறங்கியிருக்கிறதா, வாயடைக்கிற பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா, முன் பின் என்று சத்தத்தைப் பங்கு போடுகிற இடத்தில் கணக்குத் தப்பியிருக்கிறதா என்று சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ரேடியோ வைத்தேன், செல்பேசியை இணைத்தேன், எதிலும் சத்தமில்லை. அப்படியானால் கோளாறு பாட்டு வரும் வழியில் இல்லை. பெட்டியை விட்டு வெளியே போகும் வழியில் இருக்கிறது. வெளிச்சம் வருவதால் ப்யூஸ் போகவில்லை. நாலு ஸ்பீக்கரும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு சாகாது. இவ்வளவு தூரம் துப்பறியும் நாவல் எழுதுகிறவன் மூளை போயிற்று. அதற்கு மேல் போகவில்லை.

முதல் மெக்கானிக் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "செட்டு செத்துப்போச்சு சார். புதுசு போட்டுருங்க" என்றார். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை பழைய ஆசை. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென்று ஒரு ரேடியோ செய்து விற்றார்கள். மோட்டார் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்து இசைப் பெட்டிகளின் பெயரிலிருந்து ஒரு வாலை ஒட்டி "மோட்டோரோலா" என்று பெயரும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் கார் ஏது! அப்பாவிடம் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதற்கு லைசென்ஸ் புத்தகம் ஒன்று. வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ரேடியோ மக்கர் பண்ணினால் அப்பாவே முதுகைக் கழற்றிப் பார்ப்பார். மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பது போல, கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அதை நான் ஏதோ மந்திரம் என்று நினைத்தேன்.

அடுத்து நெடுஞ்சாலை ஓரத்தில் வேறொரு கடைக்குப் போனேன். அன்று ஞாயிறு, அப்பாவும் கூட இருந்தார். வண்டிக்கு ஏதோ சின்ன வேலை என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். கடைக்காரர் இளைஞர், கெட்டிக்காரர். பெட்டியை வெளியே இழுத்து, கடையிலிருந்த ஒரு ஸ்பீக்கரில் நேராக மாட்டினார். பாடியது! சாகவில்லை. பிறகு ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து, பின்னாலிருந்த ஒயர்களில் ஜோடி ஜோடியாகத் தொட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'டப்' என்றது. நாலும் உயிரோடு இருந்தன. எல்லாவற்றையும் பழையபடி கப்ளரில் சொருகினார். மறுபடி மௌனம்.

"பெட்டியும் நல்லாருக்கு, ஸ்பீக்கரும் நல்லாருக்கு. இன்னா சார் இது?" என்று தலையைச் சொறிந்தார். எங்கள் வீட்டிலும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

சாலையில் வரிசையாக லாரிகள். பக்கத்தில் நின்று கத்தினால்தான் பேச்சு கேட்கும். அப்பா, உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், டீ குடிக்க இறங்கினார். கதவைத் திறந்து, அதன் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தவர், அப்படியே நின்றார். உள்ளங்கையை ஸ்பீக்கர் வலையின் மேல் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"டேய், இது துடிக்குதுடா" என்றார்.

கடைக்காரர் ஓடி வந்து குனிந்து காதை வைத்தார். பாட்டு! கதவைச் சாத்தினார், நின்றது. திறந்தார், வந்தது. பிறகு என்ன? கதவுக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார்த்தார். முன்பு எப்போதோ ஸ்பீக்கர் மாற்றியவர்கள் ஒயரை ரப்பருக்குள் விடாமல் தகட்டின் விளிம்பு வழியாகவே இழுத்திருந்தார்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர். உறை நைந்து தாமிரம் தெரிந்தது. கதவு சாத்தினால் அது பாடியில் படும், திறந்தால் விலகும்.

"ஒரு ஒயர் எர்த்துதானே, பட்டா என்ன?" என்று அப்பா அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவருடைய காலத்து ரேடியோவில் அது வாஸ்தவம். இப்போதைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலும் பேட்டரியின் பாதி அழுத்தம், சுமார் ஆறு வோல்ட், நின்றுகொண்டிருக்கும். எது பாடியில் பட்டாலும் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நாலு வாயையும் அடைத்துவிடும். பென்சில் பேட்டரிக்குப் பாடியோடு சம்பந்தம் கிடையாது. அதனால்தான் அந்தச் சோதனையில் இந்தக் குட்டு வெளிப்படவில்லை. இளைஞர் இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவை ரொம்ப ஓங்கிச் சாத்துவீங்களா பெரியவரே? அதுலதான் ஒயர் வெட்டிக்கிச்சு."

கதவு பிடித்துக்கொண்டதற்கு அடையாளமாக 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமே, அது அவருக்குக் கேட்டு எத்தனை வருஷமோ! கேட்காதவர் ஓங்கித்தானே சாத்துவார்?

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தனை நாளா இது பாடலையா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. வலது கை விரல்களை மடக்கி மூடிக்கொண்டார்.

இளைஞர் ஒயரை வெட்டி ஒட்டி, டேப் சுற்றி, ரப்பர் குழாய் வழியாக விட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் நான் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "அம்பத்தூர் வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டேன். காரில் வைத்து உங்களிடம் சொன்னேன். சரி என்றீர்கள்."

அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எப்பத் திருப்பிக் கொடுக்கப் போறே?" என்றார்.

மறுநாள் காலையில் கொடுத்துவிட்டேன். வாங்க வந்தவர் என்னைப் பேசிய பேச்சு எனக்குத் தேவைதான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூரில் வண்டியை நிறுத்தி, வீட்டைத் திறந்து, பெருக்கிவிட்டு அப்புறம்தான் ஆவடி போகிறோம். காது மிஷின் வாங்கியிருக்கிறது. காரில் ஏறியதும் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இடது உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொள்கிறார். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் நான் வண்டியை ஓரமாக நிறுத்துகிறேன்.