தனித்த நீரும் சிறுமீனும்

தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்ததும், பேராதனையருகே மகாவலி மெலிந்து பாறைகளைப் புறத்தே காட்டும். அப்பாறைக் குழிகளில் எஞ்சிய நீரை எட்டிப் பார்ப்பது மாணவப் பருவந்தொட்டு என் வழக்கம். விரல்நுனியளவு மீன்கள் அங்கே திரியும். வெள்ளம் கொணர்ந்தவற்றை வடிந்த நீர் விட்டுச் சென்றது என அதற்கு விடை கூறிவிடலாம். ஆயின், ஆற்றுக்கு அப்பால், கோடையில் வெடித்துக் கிடந்த வயலோரப் பள்ளத்தில், மாரி தொடங்கிய சின்னாட்களில் மீன் தோன்றுவது எங்ஙனம்? இவ்வினாவே என்னை நெடுநாள் அலைக்கழித்தது.

வானத்திலிருந்து விழுந்தவை என்பர் ஊரார். எமர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலிலும் மழையோடு மீன் விழுந்த செய்திகள் உள்ளன. வற்றிய குளத்துச் சேற்றைத் தோண்டி உயிருள்ள மீன் எடுத்த செய்திகளும் உள்ளன. பின்னையது வியப்பன்று. விரால் காற்றைச் சுவாசிக்க வல்லது. ஈரச்சேற்றிற் புதைந்து வறட்சியைக் கழிக்கும். பனையேறி மீனோ செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரநிலத்தில் ஊர்ந்து செல்லும்.

பறவைகளும் துணைபுரியக்கூடும். கெண்டையின மீன் முட்டைகளை வாத்துகளுக்கு உண்பித்த ஆய்வொன்று 2020இல் ஹங்கேரியிலிருந்து வெளிவந்தது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டே முட்டைகள் சிதையாது எச்சத்துடன் வெளிப்பட்டன. அவற்றுள்ளும் சிலவே பொரித்தன. அரிய வழியெனினும் அதுவும் ஒரு வழியே.

எனினும் பெரும்பாலான சிறுமீன்களுக்கு இத்தகைய விந்தைகள் வேண்டியதில்லை. பெருமழை பெய்த இரவில் வரம்பு வழிந்து வாய்க்காலையும் வயலையும் பள்ளத்தையும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இணைக்கும். பாயும் நீரை எதிர்த்தேறுவது பல மீன்களின் இயல்பு. விடியுமுன் நீர் வடிந்துவிடும், பாதை மறையும், மீன் மட்டும் எஞ்சும். பகலில் வருகின்ற நாம் பள்ளத்தைத் தனித்ததெனக் கருதுகிறோம்.

இன்று கண்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் வயல்கள் பல மண்ணிட்டு நிரப்பப்பட்டு மனைகளாகின்றன. வாய்க்கால்கள் சீமெந்துக் கான்களாகின்றன. மழைநீர் தேங்கும் குழிகள் அப்போதும் இருக்கும். அவற்றை அடையும் வழி இராது. மீன் எட்டாத நீரில் நுளம்புக் குடம்பிகள் அச்சமின்றிப் பெருகும். நிலத்தை அளப்போர் கோடையில் வந்து அளக்கின்றனர். மாரியில் ஓரிரவேனும் அவ்வயலோரம் நின்று பார்த்தல் அவர்க்கும் நமக்கும் நன்று.